நவரெத்தினம் அத்தான்

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு 'கரும்புள்ளி' தொடங்கிவிட்டால், வாசல் கடப்படியில் யார் நின்று கூப்பிட்டாலும் கேதீசனின் காதில் விழாது. நாவற்குடாவில் அதைக் கேதீசன் வீடு என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். வீடு, சிவமணிக்கு அவளுடைய தாய் கொடுத்தது. இருபத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் கலியாணம் முடித்து அதற்குள் வந்தவர் கேதீசன். தொலைக்காட்சிப் பெட்டி மட்டும்தான் அவர் காசில் வாங்கியது. அந்த உரிமையில் கதிரையை அதற்கு நேரே இழுத்துப் போட்டு, சறத்தை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, நாட்டைக் காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதைப்போல உட்கார்ந்திருப்பார்.

'கரும்புள்ளி' இந்தியில் எடுத்துத் தமிழில் பேசவைத்த உளவுத் தொடர். ஆட்கள் வாயை மூடிய பிறகும் சத்தம் வந்துகொண்டிருக்கும். சிவமணிக்கு அதைப் பார்க்காமல் இருக்க வழியில்லை. தையல் மெசின் கிடந்ததும் அதே ஹோலில்தான். ஊர்ப் பெண்களின் சாறிச் சட்டைகளுக்கு ஊக்கு வைத்தபடியே, முப்பது பாகங்களையும் பாதிக் கண்ணால் பார்த்து, முழு மனதோடு வெறுத்துவந்தாள்.

அன்றைக்கு முப்பத்தோராவது பாகம். நகுல் என்ற அந்த உளவாளி, பெயர் தெரியாத வெளிநாட்டு நகரமொன்றில், பெரிய பணக்காரக் கலியாண வீட்டுக்குள் சேலை வியாபாரியாக நுழைந்தான். ஒட்டுத் தாடி, கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு பட்டுச் சேலை.

"முந்தானையத் தலகீழாப் பிடிச்சிட்டு நிக்கான்," என்றாள் சிவமணி. "இவன்ட கையால ஆரு சாறி வாங்குவா?"

"சத்தம் போடாம இரு கா. கட்டமான இடம்."

கட்டமான இடம் என்னவென்றால், மாப்பிள்ளை கள்ளன். அவனுக்கு இரண்டு பெயர், இரண்டு பாஸ்போட், இன்னொரு ஊரில் இன்னொரு பெண்சாதி. பெண்ணின் தகப்பன் பெரிய விஞ்ஞானியாம். அவருடைய இரகசியத்தைக் களவெடுக்கத்தான் இந்தக் கலியாணமாம். நகுல் சமையற்கட்டில் நின்றவர்களிடம் வாய்கொடுத்து இத்தனையையும் நான்கு நிமிடத்தில் கறந்துவிட்டான். பிறகு ஓடும் ரெயிலின் கூரையில் ஒன்பது பேரோடு அடிபட்டான். தோளில் இரத்தம். அடுத்த காட்சியில் மேலதிகாரியின் முன்னால் வெள்ளைச் சேட்டோடு நின்றான்.

"இவன்ட சேட்ட ஆரு தோய்க்கிற?"

"என்ன?"

"ரெத்தக் கறை. ஆரு தோய்க்கிற எண்டு கேட்டன். அத ஒரு பாகத்தில காட்டச் சொல்லுங்க. நானும் வந்திருந்து பாப்பன்."

நகுல் மேலதிகாரியிடம் சொன்ன வசனம் கேதீசனைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 'சொந்த முகத்தோடு போகிறவனுக்கு யாரும் உண்மை சொல்வதில்லை.' விளம்பரம் போன பிறகும் அதையே இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களின் கடிதத்தை முப்பது வருடம் மூடியபடியே சுமந்தவர் என்று பிரியாவிடைக் கூட்டத்தில் பேசினார்கள். சிவமணி முன்வரிசையில் இருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எந்த வீட்டுக்கு எந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது, யாருக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்தது என்பதெல்லாம் பகல் சோற்றோடு பரிமாறப்படுகிற வீடு இது. ஒரு விடயத்தைச் சொல்லாதே என்றால் அவருக்கு அன்றிரவு நித்திரை வராது. காகிதம் எதைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். கடிதக்கட்டு புரட்டிய பழக்கம். கலியாண அட்டையானாலும் விரதத்து வாழை இலையானாலும் முதலில் அந்த விரல் நாக்குக்குப் போகும். இருபத்தொன்பது வருடம் சொல்லிச் சொல்லியே சிவமணியின் வாய்தான் வற்றியது.

இப்படிப்பட்ட மனிதர்தான் அன்றைக்கு உளவாளியாகத் தீர்மானித்தார்.

காரணம் மகள் சர்மிலா. முன்பள்ளி ஆசிரியை, வயது இருபத்தேழு. இதுவரை மூன்று இடம் பேசித் தட்டிப்போயிருந்தது. ஒன்று சாதகத்தில், ஒன்று வீட்டுக்கு மேல்மாடி வேண்டுமென்ற பேச்சில். மூன்றாவது ஏன் தட்டியதென்று இன்றைக்கும் தெரியாது; வந்தார்கள், வடை தின்றார்கள், போனார்கள். நாலாவதாகத் தரகர் சிவபாதம் கொண்டுவந்ததுதான் வினோஜனின் பேச்சு. தன்னாமுனையில் பஸ்ஸை விட்டிறங்கி வாவிப் பக்கமாக உள்ளே போகவேண்டிய ஊர். பொடியன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை. தகப்பன் இல்லை; தாய் யோகம்மா, ஒரே பிள்ளை.

சிவபாதம் வாயைத் திறந்ததும் கேட்டது குடியைத்தான். மட்டக்களப்பில் சாதகம், வீடு, வேலையெல்லாம் அதற்குப் பிறகு. குடி என்பது தாய்வழியில் வரும் குலம். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பன் எதுவாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை. ஒரே குடிக்காரர் முன்பின் முகம் தெரியாதவர்களானாலும் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கலியாணம் என்ற பேச்சே எழாது. சிவமணியும் சர்மிலாவும் படையாண்ட குடி. யோகம்மாவும் மகனும் காலிங்கா குடி. "பொருத்தம் வாசலிலயே இருக்கு," என்று சிவபாதம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"பாசிக்குடாவில கிழமைக்கு ஆறு நாள் நிக்கான்," என்றார் கேதீசன், தொடர் முடிந்ததும். "வெள்ளைக்காரர் வாற இடம். அங்க என்ன பேரில நிக்கானோ, ஆரோட நிக்கானோ."

"கணக்கெழுதுற பொடியனுக்கு எத்தின பேர் வேணும்?"

"உனக்கு விளங்காது கா. அந்த மாப்பிளையும் பாக்கிறதுக்கு நல்லவன் மாதிரித்தானே இருந்தான்."

சிவமணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்க அவள் தயாரில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பென்சன் விடயமாகப் பட்டணம் போவதாகச் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். நீளக் காற்சட்டை. பெயின்ற் கொம்பனி இனாமாகக் கொடுத்த தொப்பி. காத்தான்குடியில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி. பென்சன் கந்தோரில் இந்தக் கோலத்தில் போய் நின்றால் இருக்கிற பென்சனையும் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தாளே தவிர, வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

பின்னேரம் வந்தார். வேறொரு வீட்டு மீன்குழம்பு அவர் கையில் மணத்தது. சோறு வேண்டாமென்றார். அரைமணி நேரம் வாயைக் கட்டிவைத்திருந்தார். அது அவருடைய வாழ்நாள் சாதனை. பிறகு கொட்டினார்.

"பொடியன் தங்கம் கா."

"எந்தப் பொடியன்?"

"வினோஜன். ஊருக்குள்ள போய் விசாரிச்சிட்டன். வாகரை, பேர் நவரெத்தினம், தோணி வாங்க வந்தனான் எண்டு சொன்னன். ஒருத்தனுக்கும் விளங்கல்ல. அவங்கட வீட்டுக்குள்ளயே போயிட்டன்!"

சிவமணிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசவேண்டியிருந்தது. வயது அறுபத்தொன்று, பெண்ணின் தகப்பன், பேய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டில் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்திருக்கிறார். அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவும் செய்கிறார். விசர் என்றாள், பேயன் என்றாள். சர்மிலா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"அப்பா, என்னட்டக் கேட்டிருந்தா அவர் நிக்கிற இடத்த லொக்கேஷனாவே அனுப்பியிருப்பார். சிவபாதம் மாமா நம்பர் குடுத்து ஒரு மாசமாக் கதைக்கம்."

"போன்ல ஆரும் உண்மை சொல்லுவானா?"

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. ஏசி முடித்த பிறகு சிவமணி கேட்டாள், "குசினி எப்பிடி வச்சிருக்காங்க?" துப்புரவாக வைத்திருக்கிறார்களாம். தாய் நல்ல மாதிரியாம்; மகனுக்குப் பார்த்திருக்கிற பெண் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்று வந்த ஆளுக்கெல்லாம் சொல்கிறாளாம். சிவமணி அதையும் கேட்டாள், இன்னும் சொல்லுங்க என்பதுபோலக் கேட்டாள். முன்பின் தெரியாத தோணி வியாபாரியை எதற்காக ஒரு வீட்டில் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பிறகு பல நாள் அதை நினைத்துத் தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்து ஏசிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கேதீசன் மீசையை எடுத்துவிட்டார்.

"மீசை எங்க?"

"வெயிலுக்கு."

முப்பது வருட மீசை. அது இல்லாமல் அவருடைய மேலுதடு உரித்த பனங்கிழங்குபோல வெளிறிக் கிடந்தது. வேட்டி, திருநீறு, பழைய மூக்குக்கண்ணாடி. நகுல் ஒரு பாகத்தில் மூன்று வேடம் போடுவான். இவருக்கு இது இரண்டாவது.

பத்து மணிக்கு வந்தார்கள். யோகம்மா, வினோஜன், கூடவே சிவபாதம். யோகம்மா அகலமான முகமும் ஓயாத வாயும் கொண்ட மனுசி. வளவைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், "நல்ல குளிர்ச்சியான இடம்" என்றாள். கேதீசனைப் பார்த்து வணக்கம் சொன்னாள். அவர் வாயைத் திறக்காமல் கையை மட்டும் கூப்பினார். சர்மிலா தேத்தண்ணி கொண்டுவந்தாள். பொடியன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். ஒரு மாதம் கதைத்தவன் போடுகிற நடிப்புத்தான், ஆனாலும் உறுத்தவில்லை. சிவமணிக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. இந்த முறை சரிவந்துவிடும் என்று, நினைக்கக்கூடாது என்று வைத்திருந்ததை நினைத்துவிட்டாள்.

சிவபாதம் சாதகக் கொப்பியை எடுத்துக் கேதீசனிடம் நீட்டினார். கேதீசன் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, முதல் பக்கத்தைப் புரட்டினார்.

யோகம்மாவின் பேச்சு பாதியில் நின்றது. அந்த விரலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தரம் விரலைப் பார்த்தாள்.

"நவரெத்தினம் அத்தான்?"

"ஓம்," என்றார் கேதீசன்.

கூப்பிட்டால் ஓம் என்று சொல்லியே பழகிய வாய். சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

"மீசைய எடுத்தாத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ? செவ்வாக்கிழமை என்ட வீட்டில வாழை இலைய வாங்கி இதே மாதிரி விரல நக்கித்தானே விரிச்சீங்க." யோகம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல வற்றியது. சிவமணியின் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்கதான் அக்காவா? எங்கட குடியெண்டு அத்தான் சொன்ன பொஞ்சாதி?"

"என்ன குடி?" என்றாள் சிவமணி.

"காலிங்கா குடி எண்டார். கோயிலடித் தேத்தண்ணிக் கடையில வச்சு, எங்கட அண்ணனுக்கு முன்னால."

வினோஜன் நிமிர்ந்தான். தட்டோடு நின்ற சர்மிலா அப்படியே நின்றாள். சிவபாதம் வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்துபோனார். அந்த ஹோலில் இருந்த அத்தனைபேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விடயம் விளங்கியது: அது உண்மையானால் வினோஜன் சர்மிலாவுக்கு அண்ணன்.

கேதீசனிடமிருந்து விடயத்தைப் பிடுங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துகொண்டுதான் போயிருந்தார். பெயர், ஊர், தொழில், வாங்கப்போகிற தோணி எத்தனை முழம் என்பது வரைக்கும். தேத்தண்ணிக் கடையில் இருந்த கிழவர், அவர்தான் கோயிலைப் பொறுப்பாக நடத்துகிற வண்ணக்கர், யோகம்மாவின் தமையன், ஊர் பேர் கேட்டுவிட்டு, "என்ன குடி?" என்றார். கேதீசன் தன்னுடைய குடியை உள்ளபடி உலகிப்போடி குடி என்று சொல்லிவிட்டார். "வீட்டில என்ன குடி?" என்றார் கிழவர். அங்கேதான் ஆள் அகப்பட்டுக்கொண்டது. படையாண்ட குடி என்றால் நாவற்குடா ஞாபகம் வரும், பிடித்துவிடுவார்கள். எதிரே கோயில் மதிலில், திருவிழாவில் எந்தநாள் எந்தக் குடிக்கு என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. முதலாவதாக இருந்ததை வாசித்துவிட்டார்.

"காலிங்கா குடியா? அப்ப எங்கட தங்கச்சிட புருசனல்லா!" என்று கிழவர் எழுந்து தோளைப் பிடித்தாராம். தேத்தண்ணி வந்தது, கதலிக்குலையிலிருந்து ஒரு சீப்பு வந்தது. குடிக்காரியின் புருசன் கடையிலிருந்து வெறுவயிற்றோடு போகக்கூடாதென்று கிட்டடியில் இருந்த குடிக்காரியின் வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். அது யோகம்மாவின் வீடு.

"டிவியில வாற அந்த ஆளிட்ட வெளிநாட்டில ஒருத்தரும் குடி கேக்கல்ல," என்றாள் சிவமணி, ஒவ்வொரு சொல்லாக. "இது மட்டக்களப்பு எண்டு உங்களுக்கு அயத்துப் போச்சு."

"டிவியா?" என்றாள் யோகம்மா.

கேதீசன் அதையும் விளக்கப்போனார். மாப்பிள்ளைக்கு இரண்டு பெயர், இன்னொரு ஊரில் இன்னொரு பெண்சாதி என்று தொடங்கினார். சிவமணி கண்ணைக் காட்டினாள், அவர் காணவில்லை. கதை ரெயில் கூரைக்கு வந்தபோது யோகம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப என்ட புள்ளைய அந்தக் கள்ளனெண்டு நினைச்சித்தான் வந்தீங்க? என்ட கையால சோத்த வாங்கித் திண்டுகொண்டு?"

"இல்ல... நல்ல பொடியன் எண்டுதான் முடிவு..."

"நீங்க முடிவெடுக்கத்தான் நாங்க அவனப் பெத்து வச்சிருக்கமாக்கும்." எழுந்துவிட்டாள். "மகன், வா."

பொடியன் எழவில்லை. "அம்மா, கொஞ்சம் இரிங்க," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சிவமணி யோகம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள். கெஞ்ச அவளுக்கு வராது. "தங்கச்சி, இந்த மனுசனோட நான் இருபத்தொம்பது வருசமா இருக்கன். கள்ளம் செய்யத் தெரிஞ்ச ஆளாயிருந்தா உங்கட வாயில இப்பிடிப் பிடிபடுவாரா? இவருக்குக் கெட்டித்தனம் இருக்கெண்டு நீங்க நினைக்கிறதுதான் எனக்கு ஆகப்பெரிய புதினம். என்ட குடி படையாண்ட குடி. என்ட அம்மாட ஊரில போய்க் கேளுங்க. சொந்த முகத்தோடயே போய்க் கேளுங்க, சொல்லுவாங்க."

யோகம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கேதீசனின் மேலுதட்டைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு விளங்குது அக்கா. ஊருக்கு ஆரு விளங்கப்படுத்துற? கடையில நிண்ட அவ்வளவு பேரும் இவர அத்தானெண்டு கூப்பிட்டுப்போட்டாங்க. நாளைக்கு இவர்ட மகள என்ட மகன் கட்டினா, தங்கச்சியக் கட்டினவன் எண்டு என்ட பேரப்புள்ளைட காலத்துக்கும் கதைப்பாங்க." முந்தானையை இழுத்துச் சொருகினாள். "வாற வெள்ளிக்கிழமை எங்கட குடித் திருவிழா. அவ்வளவு பேரும் நிப்பாங்க. இவர் வரட்டும். வந்து தன்ட வாயால சொல்லட்டும். சொன்னாப் பேசுவம். சொல்லாட்டி இதோட விடுவம்."

வெள்ளிக்கிழமை காலை றமீஸின் முச்சக்கர வண்டியில் போனார்கள். காத்தான்குடிப் பொடியன், பத்து வருடமாக இந்த வீட்டுச் சவாரி அவனுக்குத்தான். செவ்வாய்க்கிழமையும் அவன்தான் கொண்டுபோயிருந்தான் என்று அன்றைக்குத்தான் சிவமணிக்குத் தெரிந்தது.

"ஐயா கண்ணாடியப் போட்டிட்டு ரோட்டில நிண்டு கைகாட்டினார் அக்கா. ஏறுங்க ஐயா எண்டன். தம்பிக்கு என்னத் தெரியுமா எண்டு கேக்கார்! சுகமில்லையோ எண்டு நினைச்சன்." வண்டியின் கண்ணாடிக்குள்ளால் கேதீசனைப் பார்த்தான். "எங்கட ஆக்களுக்கும் குடி இரிக்கி ஐயா. அதில மட்டும் நாங்க பொய் செல்லவே மாட்டம்."

கேதீசன் வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை அரைகுறையாக முளைத்திருந்தது.

கோயிலில் மேளம் நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்குள் கால் வைத்ததும் நாலைந்து பேர் ஒன்றாகத் திரும்பினார்கள். "அத்தான் வந்திட்டார்!" யாரோ கையைப் பிடித்தார்கள். யாரோ கதிரை கொண்டுவந்தார்கள். பிளாஸ்ரிக் கதிரைதான், துண்டால் துடைத்துவிட்டுப் போட்டார்கள். அவரை இருத்தி, கையில் மோர்க் கோப்பையைக் கொடுத்தார்கள். "தோணி அம்பிட்டுதா அத்தான்?"

சிவமணி தூணோரம் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு மினுக்கம். நாவற்குடாவில் முப்பது வருடம் கடிதம் கொடுத்தவரை எந்த வீட்டிலும் இருக்கச் சொன்னதில்லை. கடப்படியில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியவர். சொந்த வீட்டிலும் அவர் மாமியார் வீட்டு மாப்பிள்ளைதான். இங்கே ஒரு பொய்ச் சொல்லுக்கு ஒரு ஊர் எழுந்து கதிரை போடுகிறது. அன்றைக்கு ஏன் ஆள் தேத்தண்ணிக் கடையோடு திரும்பாமல் சோறு தின்னும்வரை இருந்தார் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதற்காக அவள் இரங்கவில்லை. மோரைக் குடித்து முடித்துவிட்டாரென்றால் பிறகு இவர் வாய் திறக்கமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பெண்கள் பக்கம் யோகம்மா கைகட்டி நின்றாள். அவள் பேசப்போவதில்லை.

சிவமணி தொண்டையைச் செருமினாள். அவர் கோப்பையை இறக்கினார்.

"நான் நவரெத்தினம் இல்ல," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் பகிடி விடுகிறாராம்.

"பகிடி இல்ல. பேர் கேதீசன். நாவற்குடா. தபால்காரனா இருந்தன். பொஞ்சாதி படையாண்ட குடி. இந்தா நிக்கா. அண்டைக்குச் சொன்னது பொய். மதிலில இருந்தத வாசிச்சன்."

மேளம் நிற்கவில்லை, ஆனால் பந்தலுக்குள் அமைதியாகிவிட்டது. வண்ணக்கர் முன்னால் வந்தார். "அப்ப தோணி?"

"தோணியும் பொய்தான். எனக்கு நீந்தவே தெரியாது."

"ஏன் இப்பிடிச் செஞ்ச மனெ?"

கேதீசன் வாயைத் திறந்தார். டிவி என்ற சொல் நுனி நாக்கில் வந்து நிற்பதைச் சிவமணி கண்டாள். தலையை அசைத்தாள். இந்த முறை அவர் கண்டுகொண்டார்.

"மகளுக்கு யோகம்மாட பொடியனப் பேசுறம். எப்பிடிப்பட்ட பொடியன் எண்டு பாக்க வந்தன். நேர வந்து கேக்க வெக்கமாக் கிடந்தது."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி சொன்னாள், "கேட்டிருந்தா இதே சோத்தத்தானே போட்டிருப்பம், பேயன்."

முதலில் சிரித்தது வண்ணக்கர். பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. கேதீசன் கோப்பையைப் பிடித்தபடி நடுவில் இருந்தார். அந்தச் சிரிப்புக்குள்ளேயே அவர்கள் முறை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தாய் படையாண்ட குடி, பெண்ணும் படையாண்ட குடி. அப்படியென்றால் தடையில்லை. அப்படியென்றால் தாய் எங்களுக்கு மச்சாள்.

"மச்சாள் தூணோட நிக்காவே," என்றார் வண்ணக்கர். "பொம்புள வீட்டுக்காரி. கதிரை குடுங்க."

வேறு கதிரை கிட்டத்தில் இல்லை. ஒருவன் கேதீசனின் தோளில் மெல்லத் தட்டினான். அவர் எழுந்தார். கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சிவமணிக்குப் போட்டார்கள். மோர்க் கோப்பையையும் யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்தாள், காலையிலிருந்து நின்று கால் வலித்தது. யோகம்மா வந்து பக்கத்தில் நிலத்தில் குந்தி, "ஆவணியில ஒரு நாள் பாப்பம் அக்கா," என்றாள். கேதீசன் பின்னால் தூணில் சாய்ந்து நின்றார். போடுவதற்கு இனி ஒரு வேடமும் மிச்சமில்லை.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு மணிக்கு நகுல் ஏதோ ஒரு பாலைவன ஊரில், வயோதிபர் வேடத்தில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தான். ஊரார் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்கே நிமிடத்தில் எல்லா இரகசியத்தையும் சொல்லிவிட்டார்கள்.

கேதீசன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர் பேர் கேக்காம, குடி கேக்காம உள்ளுக்கு விட்டானுகளாம்," என்றார். "விசர்க் கதை. எழுதினவனுக்கு ஒரு இழவும் தெரியா."

சிவமணி சர்மிலாவின் கூறைச் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். பட்டு வழுகும், பார்வையை எடுக்க முடியாது.